சாலைக் குழி: மனு எழுதுவதிலிருந்து ரோலர் ஏறும் வரை

"எங்கள் பகுதியில் சாலை மிகவும் மோசமாக உள்ளது. உடனடியாக நடவடிக்கை எடுக்கவும்." சிறிய ஊர்களில் குழி பற்றிப் போகும் மனுக்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடுகின்றன. இதைக் கையில் வாங்கும் பொறியாளருக்கு எந்த இடம், எத்தனை குழி, எவ்வளவு ஆழம், எத்தனை கிலோ தார்க்கலவை தேவை, அந்தச் சாலை தன் பொறுப்பில் உள்ளதா என்று எதுவும் தெரியாது. நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சிறிய ஊரில் பொறியாளர் ஒருவர்தான் இருப்பார், குடிநீரும் தெருவிளக்கும் கழிவுநீரும் அவர் தலையில்தான். மனு கட்டுக்கு அடியில் போய்விடும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வேலைக்கு உத்தரவு போட முடியாது, அவ்வளவுதான்.

ஆகவே நம் பக்கத்து வேலை ஒன்று உண்டு: அப்படியே ஒர்க் ஆர்டராக மாற்றிக்கொள்ளக்கூடிய மனுவை எழுதுவது. அதற்கு ஒரு டேப், ஒரு நேரான கம்பு, ஒரு ஸ்கேல், ஒரு போன், அரை மணி நேரம் போதும்.

முதலில், அது என்ன பள்ளம்?

சாலையில் தெரியும் பள்ளமெல்லாம் ஒரே நோய் இல்லை. காரணம் மாறினால் பொறுப்பாளரும் மாறுவார், பழுது பார்க்கும் முறையும் மாறும்.

தார்ச் சாலையில் கிண்ணம் போல வட்டமாக விழும் குழிக்குக் காரணம் தண்ணீர். மேல்தாரில் முடி போன்ற வெடிப்பு விழுகிறது. அதன் வழியே தண்ணீர் இறங்கி, அடியில் உள்ள ஜல்லி அடுக்கை ஊறவைக்கிறது. ஊறிய அடித்தளத்துக்குத் தாங்கும் வலு இல்லை. ஒவ்வொரு சக்கரமும் ஏறி இறங்கும்போது தார் வளைந்து நிமிர்கிறது, அடியிலுள்ள நீர் நுண்மண்ணையும் சேர்த்து வெடிப்பு வழியே மேலே பீய்ச்சுகிறது. சில நாளில் மேற்பரப்பு முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடிக்கும். ஒரு துண்டு பெயர்ந்தால் அதற்குப் பக்கத்துத் துண்டுகள் வரிசையாகக் கழன்று வரும். குளிர் நாடுகளில் இதோடு உறைபனியும் சேர்ந்துகொள்ளும். நீர் பனியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால் வெடிப்பு உள்ளிருந்தே பிளக்கிறது.

முதலைத் தோல் வெடிப்பு தெரிந்தும் குழி இன்னும் விழவில்லை என்றால் அப்போதே மனு கொடுப்பது நல்லது. குழி விழுந்த பிறகு ஆகும் வேலையில் சிறு பங்குதான் அப்போது தேவைப்படும்.

நேர்கோட்டில் ஓடும், விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும் பள்ளம் வேறு வகை. குழாய்க்கோ கேபிளுக்கோ தோண்டி, மண்ணைச் சரியாக இறுக்காமல் மூடிய பள்ளம் அது. சிறிய ஊர்களில் ‘குழி’ என்று புகாராகப் போவதில் பல இந்த வகைதான். தோண்டியவர் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அனுமதியில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. அதனால் மனுவில் "குழாய் பதித்த தடத்தில் சாலை இறங்கியுள்ளது" என்று எழுத வேண்டும். வெறுமனே "குழி" என்று எழுதினால் செலவு சாலைப் பிரிவின் கணக்கில் விழும். அவர்கள் "இது எங்கள் வேலை இல்லை" என்று திருப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

மேன்ஹோல் மூடியைச் சுற்றி இறங்கியிருந்தால் மூடியின் மேல் பொறித்திருக்கும் எழுத்தைப் படம் எடுங்கள். கழிவுநீரா, தொலைபேசியா, குடிநீர் வால்வா என்று அதிலேயே தெரிந்துவிடும். சாலை ஓரம் தார் உடைந்து தின்னப்பட்டிருந்தால், பக்கத்து மண் தாழ்ந்து போயிருக்கிறது என்று பொருள். ஓர மண்ணை உயர்த்தாமல் தாரை மட்டும் ஒட்டினால் நிற்காது.

இன்னொரு வகை ஆபத்தானது. மழையே இல்லாத நாளில் திடீரென்று விழும் குழி, மேலே வாய் சிறியதாகவும் உள்ளே அகன்றும் இருப்பது, அடி தெரியாதது, ஓரத்தில் ஈரம் கசிவது. அடியில் குழாய் உடைந்து மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. இதற்கு டேப் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. தள்ளி நின்று, மனு எழுதாமல், நேராக அவசர எண்ணுக்கும் குடிநீர் அல்லது கழிவுநீர்ப் பிரிவுக்கும் போன் செய்ய வேண்டும். வண்டி ஏறினால் சாலையே உள்ளே போகும்.

சாலை யாருடையது

தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு, சரியான அலுவலகத்துக்குத் தானாக நடந்து போகாது. போனாலும் வாரக்கணக்கு ஆகும்.

ஊரைக் கடந்து போகும் பெரிய சாலை மாநிலத்தினுடையதாகவோ தேசிய நெடுஞ்சாலையாகவோ இருக்கும். ஊருக்குள் கடை வீதியாகத் தெரிவதால் மக்கள் அதை ஊர்ச் சாலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிலோமீட்டர் கல்லும் வழிப் பலகையில் உள்ள சாலை எண்ணும் இதைச் சொல்லிவிடும். உள் தெருக்கள் பெரும்பாலும் உள்ளாட்சியுடையவை. புதிய மனைப்பிரிவுகளில் உள்ள சாலை இன்னும் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்படாமல் இருக்கலாம். அப்படியானால் பொறுப்பு மனை போட்டவருடையது. ரயில்வே கேட் அருகே தண்டவாளத்தை ஒட்டிய பகுதி பல இடங்களில் ரயில்வேயின் பராமரிப்பில் இருக்கும்.

சிக்கல் எல்லையில்தான். இரண்டு சாலைகள் சேரும் இடத்தில் உள்ள குழியை இரு தரப்பும் மற்றவருடையது என்று சொல்லும். இதற்குத் தனித்தனியாக இரண்டு மனு எழுத வேண்டாம். ஒரே மனுவை இருவர் பெயருக்கும் எழுதி, "நகல் பெறுபவர்" இடத்தில் மற்றவர் பெயரைப் போடுங்கள். தன் மேசைக்கு வந்த தாள் பக்கத்து அலுவலகத்திலும் இருக்கிறது என்று தெரிந்தால் பதில் எழுத்தில் வரும்.

கூடவே விசாரிக்க வேண்டிய ஒன்று: இந்தச் சாலை கடைசியாக எப்போது போடப்பட்டது? ஒப்பந்தங்களில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று உண்டு. வேலை முடிந்தபின் குறிப்பிட்ட காலம் வரை வரும் பழுதைக் கான்ட்ராக்டரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சாலையோரத்தில் நட்டிருக்கும் பணி விவரப் பலகையில் முடிந்த தேதியும் பொறுப்புக் காலமும் இருந்தால், அந்தப் பலகையின் படம் உங்கள் மனுவின் மிகப் பலமான பக்கம். நிதி இல்லை என்ற பதிலுக்கு அங்கே இடமே இல்லை.

அளப்பது

காலையில் போக்குவரத்து குறைந்த நேரத்தில், வெளிச்சமான உடையில், இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் அளக்க, மற்றவர் வண்டி வருகிறதா என்று பார்ப்பது மட்டுமே வேலை. வேகமான சாலையில் இறங்கவே வேண்டாம். ஓரத்தில் நின்று எடுத்த படமும் கணிப்பும் போதும்.

நீளம் என்பது வண்டி போகும் திசையில், அகலம் அதற்குக் குறுக்கே. மிக அதிகமான இடத்தில் அளக்க வேண்டும். ஆழத்துக்கு, குழியின் குறுக்கே நேரான கம்பை வைத்து, அதன் அடிப்பக்கத்திலிருந்து குழியின் தரைக்கு ஸ்கேலை இறக்குங்கள். கம்பு இல்லாமல் குழிக்குள் ஸ்கேலை நட்டு, பக்கத்து விளிம்பைப் பார்த்து அளந்தால் அளவு தப்பும், விளிம்பே இறங்கியிருக்கும். தண்ணீர் நிற்கும் குழியில் காலை விடாமல், குச்சியை விட்டு ஈரத் தடத்தை அளந்துகொள்ளலாம்.

ஆழத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? இங்கிலாந்தில் பல உள்ளாட்சிகள் சாலையில் 40 மி.மீ. ஆழத்தை நடவடிக்கைக்கான அளவுகோலாக வைத்திருக்கின்றன. உங்கள் ஊரில் எழுதப்பட்ட அளவுகோல் இல்லாவிட்டாலும், "ஆழமான குழி" என்பதைவிட "85 மி.மீ." என்பது கோப்பில் நிற்கும்.

படங்கள் நான்கு வேண்டும். தூரத்திலிருந்து ஒன்று, பின்னணியில் கடைப் பலகையோ மின்கம்பமோ தெரிய. அடுத்தது இடுப்பளவு உயரத்திலிருந்து குழி முழுவதும். மூன்றாவது, கம்பும் ஸ்கேலும் வைத்து ஆழம் தெரியும்படி. நான்காவதைப் பலர் எடுப்பதே இல்லை: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. அடைத்த வடிகால், சாலையில் வழியும் குழாய், பக்கத்தை விடத் தாழ்ந்து போன சாலை, எது காரணமோ அது.

இருப்பிடத்துக்கு மேப்பில் விரலை அழுத்திக் கிடைக்கும் அட்சரேகை தீர்க்கரேகையைத் தசமத்துக்குப் பின் 5 இலக்கம் வரை எழுதுங்கள். ஐந்தாவது இலக்கம் என்பது ஏறத்தாழ 1 மீட்டர். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் தள்ளிப் போகலாம். ஆனால் போனின் ஜிபிஎஸ்ஸே சில மீட்டர் பிசகும், கட்டிடங்களுக்கு நடுவே இன்னும் கூடும். அதனால் எண்ணோடு மனிதர் கண்டுபிடிக்கும் அடையாளமும் வேண்டும்: மின்கம்ப எண், அதிலிருந்து எத்தனை மீட்டர், எந்தப் பக்கம். பேட்ச் (குழியை அடைக்கும் ஒட்டு) போட வரும் ஆட்கள் கையில் மேப் இருக்காது. கம்ப எண்ணைப் பார்த்துத்தான் தேடுவார்கள்.

ஒரு சின்ன நுட்பம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படத்துக்குள் பதிந்திருக்கும் இடமும் நேரமும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே இருக்கும்.

மனு

ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சாலை வசதி எவ்வளவு இன்றியமையாதது என்ற முன்னுரையை விட்டுவிடுங்கள். பொறியாளருக்கு அது தெரியும்.

*பொருள்: சந்தைச் சாலையில் 85 மி.மீ. ஆழக் குழி, பழுது நீக்கக் கோருதல்.*

*இடம்: சந்தைச் சாலை, மின்கம்பம் எண் 14-லிருந்து கிழக்கே 6 மீட்டர், வடக்குப் பக்கத் தடம். (அட்சரேகை, தீர்க்கரேகை இணைப்பில்.)*

*அளவு: நீளம் 90 செ.மீ., அகலம் 60 செ.மீ., அதிக ஆழம் 85 மி.மீ. அளந்த தேதியும் நேரமும் இணைப்பில்.*

*ஆபத்து: வளைவை அடுத்து உள்ளது. இருசக்கர வண்டிகள் குழியை விலக்க எதிர்த் தடத்துக்குப் போகின்றன. இரவில் விளக்கு இல்லை.*

*காரணமாகத் தெரிவது: கம்பம் எண் 13 அருகே வடிகால் அடைபட்டு, மழைநீர் சாலையில் நிற்கிறது.*

*கோரிக்கை: (1) குழியைச் சதுரமாக வெட்டி, இறுக்கி, பேட்ச் போடுதல். (2) அதற்கு முன் வடிகால் அடைப்பை நீக்குதல். (3) வேலை ஆகும்வரை எச்சரிக்கைத் தடுப்பு வைத்தல்.*

*இணைப்பு: படங்கள் 4.*

மூன்று கோரிக்கையில் இரண்டாவதுதான் முக்கியம். தண்ணீர் நிற்பதைச் சரிசெய்யாமல் போட்ட பேட்ச் அடுத்த மழைக்குள் பெயர்ந்து வரும். அப்போது நீங்கள் தருவது புதிய புகாராகிவிடும், பழைய புகார் எண் முடிந்துபோயிருக்கும்.

மூன்றாவதும் வெறும் சம்பிரதாயம் இல்லை. பேட்ச் போட நிதியும் கலவையும் வேண்டும், தடுப்பு வைக்க ஒரு ஆளும் ஒரு டிரம்மும் போதும். உடனே செய்ய முடிந்த ஒன்றைக் கேட்டால், அன்றைக்கே யாராவது நேரில் வந்து பார்க்க வேண்டியிருக்கும். பார்த்துவிட்டால் கோப்பு நகரும்.

ஆப், போன், தாள் மூன்றும் இருந்தால் ஆப்பில் பதிந்து எண் வாங்கிக்கொண்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதி நேரில் கொடுங்கள். சிறிய ஊரின் ஒரே வசதி, பொறியாளர் எந்த அறையில் உட்கார்ந்திருப்பார் என்று தெரியும் என்பதுதான். கொடுத்த நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "வாங்கிட்டோம், போங்க" என்பது ஒப்புகை ஆகாது. முத்திரை தர மறுத்தால் ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

ஒரு குழிக்கு லாரி வராது

சிறிய ஊர்களில் நியாயமான மனுவும் தேங்குவதற்குக் கணக்கு ஒன்று காரணமாக இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் மனுவை வேறு மாதிரி எழுதத் தோன்றும்.

மேலே சொன்ன 90-க்கு 60 செ.மீ. குழியை எடுத்துக்கொள்வோம். சராசரி ஆழம் 7 செ.மீ. என்று வைத்தாலும், பெட்டிபோலக் கணக்கிட்டால் 0.038 கன மீட்டர்தான். இறுக்கிய தார்க்கலவையின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.3 டன். ஆக 87 கிலோ. ஆனால் முறையாகச் செய்தால் நல்ல தார் வரும்வரை சுற்றிலும் 15 செ.மீ. வெட்டி எடுக்க வேண்டும். குழி 120-க்கு 90 செ.மீ. ஆகிறது. ஆழத்தை 7.5 செ.மீ. ஆக்கினால் 186 கிலோ. இரண்டு மடங்குக்கும் மேல்! கண்ணுக்குத் தெரியும் குழிக்கு மட்டும் கலவை கொண்டுவந்தால், வெட்டாமல் அப்படியே கொட்டி மிதித்துவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அரைகுறை பேட்ச் பலவற்றின் மூலம் இந்தக் கணக்குப் பிழைதான்.

இப்போது லாரிப் பக்கம் வாருங்கள். சூடான கலவை பிளான்ட்டில் (கலவை ஆலையில்) தயாராகி, கொட்டும்போது சுமார் 130 முதல் 150 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். பிளான்ட் தொலைவில் இருந்தால் 186 கிலோவை மட்டும் கொண்டுவருவது நடக்காது, அவ்வளவு சிறிய குவியல் வழியிலேயே ஆறிக் கட்டியாகிவிடும். 5 டன் என்றால் லாரி வரும். 5 டன்னுக்கு இதே அளவில் 27 குழிகள் வேண்டும்.

எனவே ஊரில் நான்கைந்து தெருக்காரர்கள் சேர்ந்து, ஒரே நாளில் எல்லாக் குழிகளையும் அளந்து, வரிசை எண், இடம், நீளம், அகலம், ஆழம், கிலோ என்ற கட்டங்களோடு ஒரே பட்டியலாகக் கொடுங்கள். கடைசி வரியில் மொத்த எடை. எஸ்டிமேட்டில் (செலவு மதிப்பீட்டில்) பாதி அதிலேயே முடிந்துவிடுகிறது. ஆபத்து அதிகமான மூன்றை மட்டும் மேலே தனியாகக் குறித்து, அவற்றுக்குக் காத்திருக்காமல் கோல்டு மிக்ஸ் கேளுங்கள்.

கோல்டு மிக்ஸ் என்பது மூட்டையில் வரும் கலவை. சூடாக்க வேண்டாம், மாதக்கணக்கில் வைத்திருக்கலாம், இரண்டு பேர் போதும். வெட்டாமல் கொட்டி, வண்டிச் சக்கரத்தையே ஏற்றி இறுக்கும் முறையை மட்டமானது என்று எல்லோரும் நினைப்பது வழக்கம். ஆனால் அமெரிக்காவின் சாலை ஆய்வுத் திட்டம் ஒன்று 1990-களில் அந்நாட்டிலும் கனடாவிலும் பேட்ச்களைப் போட்டுப் பல ஆண்டு கவனித்தது. நல்ல கலவையாக இருந்தால் இந்த எளிய முறையும் வெட்டிப் போட்டதற்கு இணையாக நின்றது என்பது அதன் முடிவு. கலவை மட்டமாக இருந்தால் எந்த முறையும் காப்பாற்றாது. சக்கரம் ஏற்றாமல் மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனாலும் அதே கதிதான்.

மனு உள்ளே போன பிறகு

பதிவு, நேராய்வு, எஸ்டிமேட், நிர்வாக ஒப்புதல், நிதி, ஆள் ஒதுக்கீடு. பெயர்கள் ஊருக்கு ஊர் மாறினாலும் படிகள் ஏறத்தாழ இவைதான். "என் மனு என்ன ஆச்சு" என்று கேட்டால் "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றுதான் பதில் வரும். "நேராய்வு முடிந்ததா? எஸ்டிமேட் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆள் இருப்பார்.

ஒரு வாரத்தில் நேராய்வு பற்றி, இரண்டு வாரத்தில் எஸ்டிமேட் பற்றி, ஒரு மாதத்தில் எழுத்தில் நினைவூட்டல். தினமும் போன் செய்வதால் பயன் இல்லை. நினைவூட்டலில் பழைய எண்ணும் புதிய அளவும் வேண்டும்: "அன்று 85 மி.மீ., இன்று 110 மி.மீ." என்று வளர்ச்சி தெரிந்தால் தாமதத்தின் விலை கோப்பிலேயே ஏறிவிடும்.

மாதம் கடந்தும் அசைவில்லை என்றால் தகவல் கேட்கும் சட்டம் உள்ள நாடுகளில் அதைப் பயன்படுத்தலாம். இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிலுக்கு 30 நாள், பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 20 வேலைநாள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், ஏன் என்பதற்கு ஆவணம் இருக்காது. நேராய்வு அறிக்கையின் நகல், அந்தச் சாலையின் கடைசி ஒப்பந்தம், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி, இந்த ஆண்டுப் பராமரிப்பு நிதியில் செலவானது எவ்வளவு. இப்படித் தாளாக இருப்பதைக் கேளுங்கள்.

எழுத்தில் கொடுப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. நியூயார்க் நகரில் 1979-இல் வந்த சட்டப்படி, குழியால் அடிபட்டவர் நகரத்திடம் இழப்பீடு பெற வேண்டுமானால், அந்தக் குழி பற்றி நகரத்துக்கு முன்பே எழுத்தில் தகவல் போயிருக்க வேண்டும். அதன்பின் வழக்கறிஞர்கள் தரப்பில் ஒரு அமைப்பை உண்டாக்கி, தெருத்தெருவாக ஆள் அனுப்பி, குழிகளைக் குறித்த வரைபடங்களை நகரத்திடம் கொடுக்கத் தொடங்கினார்கள்! இங்கிலாந்தில் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, நியாயமான கவனம் எடுத்தோம் என்று காட்டினால் உள்ளாட்சி தப்பிக்க வழி தருகிறது. முன்பே தகவல் போயிருந்தால் அந்த வாதம் பலவீனமாகும். உங்கள் முத்திரை பெற்ற நகல், நாளை அடிபடும் யாரோ ஒருவருக்குச் சாட்சி.

காத்திருக்கும் நாட்களில்

கட்டிட இடிபாட்டைக் கொட்டாதீர்கள். செங்கல் இரண்டு நாளில் பொடியாகி, மழையில் சேறாகும். சல்லி சக்கரத்தில் தெறிக்கும். மண் போட்டால் ஈரத்தைப் பிடித்துவைத்து அடித்தளத்தை இன்னும் ஊறவைக்கும். நல்ல எண்ணத்தில் சிமெண்ட் கான்கிரீட் போடுகிறவர்களும் உண்டு. வளையும் தாருக்கு நடுவே வளையாத கட்டி ஒன்று உட்கார்ந்துகொள்கிறது. அதன் ஓரம் முழுக்கத் தார் உடைந்து, ஒரு குழி இருந்த இடத்தில் வளையமாகக் குழி வரும். பிறகு முறையாகச் செய்ய வருகிறவர்கள் முதலில் அந்தக் கட்டியை உடைத்து எடுக்க வேண்டும். பொதுச் சாலையில் கை வைத்ததற்கான பொறுப்பும் போட்டவர் தலையில் விழலாம்.

செய்யக்கூடியது வடிகால் வாயில் அடைத்த குப்பையை நீக்குவது. அது தண்ணீர் தேங்குவதை நிறுத்தும், குழி வளர்வது மெதுவாகும்.

கனரக லாரிகள் குறுக்கு வழியாக ஊர்த் தெருவில் நுழைந்தால் அதையும் மனுவில் சேருங்கள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனை காட்டியது இது: அச்சின் மேல் உள்ள எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும். ஆயிரக்கணக்கில் கார்கள் போனால்தான் ஒரு பாரம் ஏற்றிய லாரிக்கு ஈடாகும்.

வேலை நடக்கும் நாள்

அன்று பக்கத்தில் நிற்பது நல்லது. சண்டை போட அல்ல, பார்க்க. வேலை செய்கிறவர்கள் கான்ட்ராக்டர் கொடுத்ததை வைத்துச் செய்கிறார்கள். குறை இருந்தால் படம் எடுத்துப் பொறியாளரிடம் சொல்லுங்கள்.

முதலில் வெட்டு. ஓரங்கள் நேராக, செங்குத்தாக, சதுரமோ செவ்வகமோ ஆக வேண்டும். சரிவான ஓரத்தில் போட்ட கலவை விளிம்பில் தாள் போல மெலிந்து, முதலில் அங்கிருந்துதான் உதிரும். பிறகு தளர்ந்த ஜல்லியும் தூசும் தண்ணீரும் முழுவதும் வெளியேற வேண்டும். அடித்தளம் சேறாக இருந்தால் அதையும் தோண்டி எடுத்து, புதிய ஜல்லி போட்டு இடிக்க வேண்டும். சேற்றின் மேல் எவ்வளவு உயர்ந்த கலவை போட்டாலும் வீண்.

அடுத்தது டேக் கோட். பழைய தாரையும் புதிய கலவையையும் ஒட்டவைக்கும் மெல்லிய தார்ப் பூச்சு. சதுர மீட்டருக்குக் கால் கிலோ அளவு. நம் குழியின் தரைக்கும் நான்கு சுவருக்கும் சேர்த்து 1.4 சதுர மீட்டர், ஏறத்தாழ 350 கிராம் போதும். இவ்வளவு சிறிய பொருள்தான் அடிக்கடி விட்டுப்போகிறது. சுவர்களில் பூச மறந்துவிடுவார்கள், அல்லது நடுவில் ஒரு மக் தாரை ஊற்றிவிட்டுக் கலவையைக் கொட்டுவார்கள். குளமாகத் தேங்கினால் அது மசகாகி, கலவை வழுக்கும். எமல்ஷனாக (நீரில் கலந்த தாராக) இருந்தால் ஊற்றும்போது காப்பி நிறத்தில் இருக்கும். கறுப்பாக மாறும்வரை காத்திருக்க வேண்டும். பழுப்பாக இருக்கும்போதே கலவையைக் கொட்டுவது, பசை காயுமுன் தபால்தலையை ஒட்டி இழுப்பது மாதிரி.

கலவை கொட்டும்போது ஆவி எழ வேண்டும். கட்டி கட்டியாக, மந்தமான நிறத்தில் இருந்தால் ஆறிவிட்டது. 7.5 செ.மீ.க்கு மேல் ஆழமென்றால் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் தனியாக இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் 15 செ.மீ. கொட்டி மேலே ரோலர் ஓட்டினால் மேல்பகுதி மட்டும் இறுகும், அடி பொக்கென்று இருக்கும், ஒரு மாதத்தில் பேட்ச் தட்டுபோலக் குழியும். இறுக்கினால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அமுங்கும். ஆகவே 5 செ.மீ. வேண்டுமென்றால் 6-க்குக் கொஞ்சம் மேல் கொட்ட வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு இறுக்குவது முறை. சிறிய குழிக்குப் பெரிய ரோலர் உதவாது. அதன் உருளை இரு பக்கப் பழைய சாலையில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் உள்ள கலவையைத் தொடவே தொடாது. தட்டு அதிர்வியோ கை இடிப்பானோதான் சரி.

முடிந்தபின் கம்பை மேலே வையுங்கள். பேட்ச் சுற்றுப்புறத்தைவிட 3 முதல் 6 மி.மீ. உயர்ந்திருந்தால் சரி, வண்டிகள் அதை அமுக்கிவிடும். தாழ்ந்திருந்தால் அன்றே சொல்லுங்கள். தண்ணீர் நிற்கப்போகும் கிண்ணம் அது. கடைசியாகச் சுற்று விளிம்பில் தார் பூசி மணல் தூவி மூட வேண்டும்.

பிறகு

"தீர்வு காணப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும், குழி அப்படியே இருக்கும். இப்படியும் நடக்கும். முதல் படத்தை எடுத்த அதே இடத்தில், அதே கோணத்தில் நின்று புதிய படம் எடுத்து, மூடப்பட்ட எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி திறக்கச் சொல்லுங்கள். அதே கோணம் என்பதுதான் இதில் முக்கியம், வேறு குழியின் படம் என்று சொல்ல முடியாது.

வேலை நன்றாக நடந்திருந்தாலும் முதல் பெருமழைக்கு மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். விளிம்பில் நூல் போலக் கோடு தெரிந்தால் அந்தக் கோட்டை மட்டும் தார் ஊற்றி அடைக்கச் சொன்னால் போதும், ஒரு ஆளின் கால் மணி நேர வேலை. நடுவில் இறங்கியிருந்தால் அடித்தளம் அல்லது இறுக்கம் தவறு, மறுபடி வெட்ட வேண்டும். பேட்ச் அப்படியே நிற்க, அதற்குப் பக்கத்தில் புதிதாக முதலைத் தோல் தெரிந்தால் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அப்போது எழுத வேண்டிய மனு சாலைப் பிரிவுக்கு அல்ல, வடிகால் பிரிவுக்கு. பழைய மனுவின் இரண்டாவது கோரிக்கையையும் முத்திரைத் தேதியையும் அதில் முதல் வரியாகப் போடுங்கள்.